ஸ்வெட்டரைத் தூக்கச் சொன்ன பாய்

குன்னூர் மலையில் வியாபாரம் குறைந்தால் மார்தட்டிக்கொள்ளும் கடைக்காரர் ஒரே ஒருவர்தான். எங்கள் ஸ்வெட்டர் பாய். சொந்தப் பெயர் எஸ்டேட்டில் யாருக்கும் தெரியாது.

பள்ளிக்கூடத்து பஸ் நிற்கும் இடத்தில் அவருடைய பெட்டிக்கடை. இந்தக் குளிருக்கு எல்லாரும் ஸ்வெட்டர் போடுவோம். பெரிய வகுப்புப் பையன் யூனிஃபார்முக்கு மேல் அப்பன் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு சிகரெட் கேட்பான். அவனைப் பார்த்துச் சின்னவனும் கேட்பான். பாய் திட்டமாட்டார். "ஸ்வெட்டரைத் தூக்கு" என்பார். உள்ளே யூனிஃபார்ம் தெரிந்தால் கையில் கடலைமிட்டாய் வைப்பார். காசை மட்டும் சரியாக வாங்கிக்கொள்வார்.

ஆள் பார்த்து விடுவதும் இல்லை. நரைத்த மீசையோடு போன எஸ்டேட் கிளார்க்கையும் தூக்கச் சொன்னார். உள்ளே கிழிந்த பனியன். கிளார்க் அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. ஒரு கிராக்கி ஒழிந்தது என்று பாய் டீக்கடை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

அப்பனுக்கு என்று கேட்டால் மட்டும் பையனிடம் பீடி கொடுப்பார். எஸ்டேட் ஆட்களின் லைன் வீட்டிலிருந்து ரோட்டுக்குச் செங்குத்தான மேடு. எல்லா அப்பன்மாரும் பிள்ளைகளைத்தான் அனுப்புவோம். நான் என் மகன், பத்தாவது படிக்கும் செல்வத்தை அனுப்புவேன். ஒருநாள் அவன் கடலைமிட்டாயோடு வந்தான். என்னை வரச் சொன்னாராம்.

மழையில் ஏறினேன். கோபம் பாதி, மூச்சிரைப்பு பாதி. கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாய் ஸ்டூலை எடுத்துப் போட்டார்.

"ஏனுங்க, பையன் பீடிக் கட்டைப் பிரிச்சுத்தான் ஊட்டுக்குக் கொண்டாரான். அந்த வளைவுல நின்னு பத்த வைக்கறான். நீங்களே அனுப்புனா நான் என்னங்க பண்றது?"

இனி நானே வருகிறேன் என்றேன்.

"வாங்க. ஸ்வெட்டரைத் தூக்குங்க."

தூக்கினேன். பீடி கொடுத்தார்.

தினமும் அந்த மேடு முடியவில்லை. வாரத்துக்கு ஒரு தடவை ஆனது. பிறகு நின்றே போனது. வீட்டில் பீடி இல்லை, வளைவிலும் புகை இல்லை. அப்பனும் மகனுமாக ரெண்டு கிராக்கி சேர்ந்தே ஒழிந்தது என்று பாய் ஊரெல்லாம் சொன்னார், மகளைக் கட்டிக்கொடுத்தவர் மாதிரி.

செல்வத்துக்கு இப்போது கோயம்புத்தூரில் வேலை. மீசை வைத்திருக்கிறான். போன லீவுக்கு வந்தபோது கூட்டிவரப் போயிருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே கடைக்கு நடந்தான். பாய்க்குப் பார்வை மங்கல், ஆள் தெரியவில்லை. அவர் கேட்கும் முன்பே இவன் ஸ்வெட்டரைத் தூக்கினான்.

"கடலைமிட்டாய் ஒண்ணு குடுங்க பாய்."

அன்றைக்குப் பாய் காசு வாங்கவில்லை.