எழுந்து நின்று தொழுதுகொள்ளுவோம்

மூலமொழிக்காரர் என்றோர் இனம் உண்டு. உங்கள் சபையில் ஒருவராவது இருப்பார். இல்லவே இல்லை என்று நீங்கள் சாதித்தால், சபைப் பக்கம் தலைகாட்டி வெகுநாளாயிற்று என்று அர்த்தம். பார்வைக்கு நம்மைப் போலத்தான் இருப்பார். பாட்டுப் பாடுவார், காணிக்கைப் பையை அடுத்தவர் பக்கம் தள்ளுவார், நீண்ட ஜெபத்தில் கண்ணயர்ந்து ஆமென் சத்தத்தில் விழித்துக்கொள்வார். ஆனால் யாராவது வேதத்திலிருந்து ஒரு சொல்லை எடுத்து ஆசையாகப் பேசத் தொடங்கட்டும். இவருடைய ஆள்காட்டி விரல் மெல்ல உயரும், இமை பாதி இறங்கும், தொண்டை செருமும், அப்புறம் வரும் அந்த வாசகம்: "மூலத்துல பாத்தீங்கன்னா..."

போச்சு. மேசைமேல் சாப்பாடு ஆறும். கைக்குழந்தை சிணுங்கும். போக வேண்டிய பஸ் போய்விடும்.

நாம் பார்க்கப்போகிறவர் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். வேதத்தின் மூலமொழியான எபிரெயத்தைக் கைபேசியில் ஒரு பாடத்தொடராகப் பாதிவரை கேட்டிருந்தார். முழுதும் கேட்டவர்களுக்குச் சந்தேகங்கள் வந்துவிடும். பாதி கேட்டவருக்கு அந்தத் தொல்லை கிடையாது. கடைக்கு வருகிறவரை நாற்காலியில் உட்கார்த்தி, மூக்கில் இரும்புச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிச் செருகி, "இப்பத் தெரியுதா?" என்பார். "தெரியுது" என்று அந்த அப்பாவி சொன்னதும் விரல் உயரும். "தெரியுதுன்னு சும்மா சொல்லிட்டீங்க. எபிரெயத்துல 'யாதா'ன்னு ஒரு சொல்லு இருக்கு. அது கண்ணால பாத்துத் தெரியுறதில்ல, கூடவே வாழ்ந்து தெரிஞ்சுக்கறது." ஒரு கண் மறைந்து, மறுகண் கலங்கி, மூக்கில் அரைக்கிலோ இரும்போடு இருக்கிறவர் எங்கே எழுந்து ஓடுவது?

பாடகர் குழுவையும் அவர் விட்டுவைக்கவில்லை. "அல்லேலூயான்னா என்ன? 'நீங்க எல்லாரும் துதிங்க'ன்னு அடுத்தவங்களுக்குப் போடுற கட்டளை. நீ என்னைத் துதிக்கச் சொல்ற, நான் உன்னைத் துதிக்கச் சொல்றேன், அப்புறம் ரெண்டு பேரும் வீட்டுக்குப் போயிடறோம். துதிச்சது யாரு?" அன்றிலிருந்து குழுவில் பாதிப்பேர் அந்தச் சொல் வந்தாலே வாயை மட்டும் அசைத்தார்கள். சபையார் அவருக்கு 'மூலம்' என்று பெயர் வைத்தார்கள். அவருக்கு அதில் பெருமைதான்.

அவர் மனைவி ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். கணவர் விரலை உயர்த்தும்போது அவள் கைப்பைக்குள் எதையாவது தேடுவாள். ஆண்டுக்கணக்கில் தேடுகிறாள், பாவம், கிடைத்தபாடில்லை. ஆனால் தன் தம்பியின் டயர் கடைத் திறப்பு விழாவில் நடந்ததைக் கைப்பையில் ஒளித்துவிட முடியவில்லை.

கடை வாசலில் போதகர் கைகளை விரித்து, "இந்தத் தொழிலை ஆசீர்வதியும்" என்று உருகிக்கொண்டிருந்தார். விரல் உயர்ந்தது. "இதுல ஒரு சுவாரசியம் பாருங்க. 'பாரக்'ன்னா ஆசீர்வதிக்கறது. ஆனா யோபுவோட கதையில, சபிக்கறதுன்னு சொல்ல வேண்டிய இடத்துலயும் அதே சொல்லைத்தான் போட்டிருக்கு." யாரும் சுவாரசியப்படவில்லை. அந்த வாரமே காற்றடிக்கும் எந்திரம் வெடித்து, கடையின் கூரைத் தகடு எதிர்வீட்டு மாடிக்குக் குடிபோனது. தம்பி அக்காளை அழைத்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னான்: "அத்தான் இருக்கற இடத்துக்கு நான் வரமாட்டேன்."

சொன்னபடியே வரவில்லை. அக்காள்தான் கணவருக்குத் தெரிந்தும் தெரியாமலும் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். இப்படியிருக்கையில் தம்பிக்கு ஆண் குழந்தை பிறந்தது. குழந்தையைத் தங்கள் சபையில் கர்த்தருக்குப் பிரதிஷ்டை பண்ணுகிற ஞாயிற்றுக்கிழமைக்குத் தம்பியையும் அவன் பெண்டாட்டியையும் கூப்பிட்டாள். தம்பி வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுவே பெரிய விஷயம்.

சனிக்கிழமை காலை டீச்சர் கணவரைச் சமையலறையில் மடக்கினாள்.

"ஏங்க, எனக்கு ஒரு வாக்குக் குடுக்கணும். நாளைக்குக் கோயில் வாசலைத் தாண்டி வெளிய வர்ற வரைக்கும் நீங்க ஒரு வார்த்தை பேசக்கூடாது. எந்த மொழியிலயும்."

"அப்ப நமக்குள்ள ஒரு உடன்படிக்கைன்னு சொல்லு." விரல் உயர்ந்தது. "மூலத்துல உடன்படிக்கை பண்றதுன்னே கிடையாது. உடன்படிக்கை வெட்டறதுன்னுதான் வரும். மிருகத்தை ரெண்டாப் பிளந்து, அதுக்கு நடுவுல நடந்து போறது."

"நாளைக்கு வாயைத் திறந்தீங்கன்னா யாரை ரெண்டாப் பிளக்கறதுன்னு எனக்குத் தெரியும்."

அவர் வாக்குக் கொடுத்தார். ஒன்று சொல்ல வேண்டும்: மனிதர் தொல்லைதானே தவிர, வாக்குத் தவறுகிறவர் அல்ல.

ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தார் எல்லாரையும் முன்னால் வந்து நிற்கச் சொன்னார்கள். தம்பி குழந்தையை ஏந்தி நின்றான். அவனுக்கு எதிரே, இரண்டடி தள்ளி, வாயைப் பூட்டிக்கொண்டு கண்ணாடிக் கடைக்காரர். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் குழந்தையையே பார்த்தார்கள். டீச்சர் மனத்துக்குள் நிமிடங்களைத் தள்ளிக்கொண்டிருந்தாள். போதகர் 'கிருபை' என்றார். கணவரின் கழுத்து நரம்பு புடைத்து அடங்கியது. 'சமாதானம்' என்றார், விரல் துடித்தது, அதை மறுகையால் அமுக்கிக்கொண்டார். தப்பித்தோம் என்று அவள் மூச்சுவிட்ட நேரத்தில், போதகர் ஒலிவாங்கியை வாயருகே இழுத்து முழங்கினார்:

"நாம் எல்லோரும் எழுந்து நின்று கர்த்தரைத் தொழுதுகொள்ளுவோம்."

எழுந்து நின்று தொழுவதாவது? தொழுவதற்கு மூலத்தில் வருகிற 'ஷாஹா' என்றால் முகங்குப்புற விழுவதல்லவா? குனிந்து, மண்டியிட்டு, நெற்றி தரையில் படப் பணிவதல்லவா? நின்றுகொண்டு விழச் சொல்கிறாரே இந்த மனிதர்? கண்ணாடிக் கடைக்காரரின் முகம் சிவந்தது, கருத்தது, வியர்த்தது. பேசக்கூடாது என்றுதான் வாக்கு. செய்துகாட்டக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே.

தடால் என்று விழுந்தார். முழங்கால், உள்ளங்கை, நெற்றி, எல்லாம் இலக்கணப்படி தரையில் பட்டன. விழுந்த இடம் மச்சினனின் காலடி. இடுப்பில் 'களுக்' என்றொரு சத்தம் கேட்டது. டீச்சருக்கு மட்டும் கேட்டது. அதன்பின் அவர் எழவில்லை. எழ முடியவில்லை. வாய்விட்டுச் சொல்லவும் வழியில்லை.

சபை ஒரு கணம் திகைத்தது. இத்தனை வருடம் விரலை மட்டும் உயர்த்தியவர் இன்று உடம்போடு விழுந்து கிடக்கிறாரே என்று ஒரு பாட்டுக்காரம்மா தேம்பிக்கொண்டே முழங்காலிட்டாள். அவளைப் பார்த்துப் பாடகர் குழு சாய்ந்தது. ஆர்மோனியக்காரர் வாசித்தபடியே இறங்கினார். சுருதியும் கூடவே இறங்கியது. பருத்த பொருளாளர் எப்படி விழுவது என்று இரண்டு பக்கமும் யோசித்துப் பார்த்து, கடைசியில் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு தவணை முறையில் விழுந்தார். "என்ன நடக்குது?" என்று ஒலிபெருக்கியில் கேட்ட போதகர், நின்றிருப்பது தாம் ஒருவர் மட்டுமே என்று கண்டு, வெட்கப்பட்டுத் தாமும் விழுந்தார். அந்தச் சபையில் மூலமொழி இலக்கணம் முழுமையாக நிறைவேறியது அன்றுதான்.

ஆனால் தம்பி அப்படியே நின்றான். அவனுக்கு இலக்கணம் தெரியாது. அத்தான் தன் காலில் விழுந்திருக்கிறார், அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்தது. சபை நடுவில், அத்தனை பேர் பார்க்க, வயதில் மூத்த மனிதர். குழந்தையை அக்காள் கையில் திணித்துவிட்டுக் குப்புறக் கிடந்தவர் அருகே உட்கார்ந்தான்.

"எழுந்திரிங்க அத்தான். என்ன இது, எங்கிட்டப் போயி மன்னிப்பா? நானும் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. எந்திரம் பழசு, அது வெடிச்சதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

அத்தானின் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவிக் கிடந்தது. கண்ணோரத்தில் நீர் வழிந்தது. முதுகு வலியாகத்தான் இருக்கும் என்று டீச்சர் நினைத்தாள். நீர் நிற்காமல் வழிவதைப் பார்த்தபின் அவளுக்கும் நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை.

மடிந்த வாக்கிலேயே அவரைப் பெஞ்சுப் பலகையில் ஏற்றி மருத்துவமனைக்குத் தூக்கினார்கள். முன்பக்கம் பிடித்தது தம்பி.

"இவருக்கு ஏற்கனவே ஏதாவது தொந்தரவு உண்டா?" என்று டாக்டர் கேட்டார்.

கூடவே வந்திருந்த பாட்டுக்காரம்மா முந்திக்கொண்டாள். "மூலம்தான் டாக்டர். வருஷக்கணக்கா. சபைக்கே தெரியும்."

"ரத்தம் போகுதா?"

"எங்களுக்குத்தான்" என்றான் தம்பி.

கோயில் வாசல் தாண்டியாயிற்று அல்லவா? கட்டிலிலிருந்து முனகல் வந்தது. "அது வேற மூலம்." டீச்சர் சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டு அழுதது, தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், டாக்டர் மருந்துச் சீட்டில் ஒரு வரியை அடித்தார்.

ஊசி போட்டபின் இடுப்பு கொஞ்சம் நிமிர்ந்தது. தம்பி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அத்தானின் கையைப் பிடித்தான்.

"சொந்த அண்ணன்கூட இப்படிச் செய்யமாட்டாரு அத்தான். எனக்காக விழுந்தீங்க பாருங்க, சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்."

கண்ணாடிக் கடைக்காரரின் மறுகையில் ஆள்காட்டி விரல் மெல்ல உயர்ந்தது. இமை பாதி இறங்கியது. தொண்டை செருமியது. தப்பான அர்த்தம் ஒன்று கண்முன்னே, கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது; அதைத் திருத்தாமல் இந்த மனிதர் ஒரு நாளாவது இருந்ததுண்டா? டீச்சர் கைப்பையில் தேடவில்லை. கணவரை நேராகப் பார்த்தாள்.

"மூலத்துல பாத்தா..." என்று தொடங்கினார்.

"சொல்லுங்க அத்தான்."

விரல் காற்றில் நின்றது. குழந்தையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், விரலை மடக்கிக்கொண்டார்.

"ஒண்ணுமில்லப்பா. தலையணையைக் கொஞ்சம் ஏத்தி வை."

இது போதாதா? போதாது என்கிறீர்கள், தெரிகிறது. 'ஷாஹா' சரியான வேர்ச்சொல்லே அல்ல, அறிஞர்கள் இப்போது வேறு சொல்கிறார்கள் என்று உங்களில் ஒருவர் முணுமுணுக்கிறார். 'எபிரெயம்' என்றா எழுதுவது, 'எபிரேயம்' அல்லவா என்று இன்னொருவர் முதல் பக்கத்திலிருந்தே நெளிகிறார். தாராளமாகத் திருத்துங்கள். ஆனால் விழுவதற்கு முன் பக்கத்தில் தூக்கிவிட ஆள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஆளிடம் கடைசியாக எப்போது பேசினீர்கள் என்பதையும்.