ஆடிக்காற்றில் வைத்த தட்டு

திருத்தணி,
ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

என்றும் என் மதிப்புக்குரிய பாவா துளசிங்கம் அவர்களுக்கு, மைத்துனன் தணிகாசலம் கைகூப்பி எழுதிக்கொண்டது. பள்ளிப்பட்டில் நீங்களும் அக்கா பூவம்மாளும் சுகமாக இருப்பீர்கள். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எதிரே மலைமேல் இருக்கிறவன் பார்த்துக்கொண்டிருக்கும்போது பொய் எழுதக் கை வரவில்லை. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் நடுவில் சிரிப்பீர்கள், எனக்கு அழுகை வந்துவிடும். அதனால்தான் கடிதம்.

விஷயம் என் இரண்டு மாப்பிள்ளைகளைப் பற்றியது. மூத்தவர் அசோக்குமார், தேவயானியின் வீட்டுக்காரர். இளையவர் பிரேம்குமார், ஷாலினியின் வீட்டுக்காரர். இருவருக்கும் ஒரே பைத்தியம், துப்பாக்கி. ஊருக்கு வெளியே இரண்டு குன்றுக்கு நடுவில் புதிதாக ஒரு துப்பாக்கி கிளப் வந்திருக்கிறது. அங்கே ஓர் எந்திரம் களிமண் தட்டை வானத்தில் வீசும். அது தரையில் விழுவதற்குள் சுட்டு உடைக்க வேண்டும். உள்ளங்கை அகலத் தட்டுக்கு வெள்ளைக்காரன் புறா என்று பேர் வைத்திருக்கிறான். நான் சர்க்கரை ஆலையில் கரும்பு எடை போட்டு, ஒரு விவசாயியின் வாயிலும் விழாமல் ஓய்வு பெற்றவன் இல்லையா, அதனால் கிளப் செயலாளர் ஜெரால்ட், தட்டின் உயரம் வைக்கிற வேலையை என்னிடம் கொடுத்தார். எந்திரத்துக்கு முன்னால் கொஞ்ச தூரத்தில் ஒரு கம்பு நட்டு, அதில் கட்டிய சிவப்புத் துணியின் மட்டத்தில் தட்டு பறக்கிறதா என்று பார்த்து எந்திரத்திலுள்ள திருகை முடுக்க வேண்டும், அவ்வளவுதான். இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று தலையாட்டினேன். சனி என் தோளில் ஏறி உட்கார்ந்தது அப்போதுதான்.

ஆடிக் கிருத்திகைக்கு இரண்டு மாப்பிள்ளைகளும் வந்திருந்தார்கள். நேற்று, சனிக்கிழமை, போட்டி. யார் முதலில் சுடுவது என்று சீட்டுக் குலுக்கலாம் என்றார் ஜெரால்ட். மூத்த மாப்பிள்ளையைச் சீட்டில் எடுப்பதா, முதல் மரியாதை அவருக்குத்தானே என்று நான்தான் தடுத்தேன். ஆக, விடிந்ததும் அவர் சுட்டார். ஓர் இலை அசையவில்லை பாவா. வைத்த மட்டத்தில் வைத்தபடி தட்டு போயிற்று, இருபத்தைந்தில் இரண்டே இரண்டு தப்பியது. இளையவருடைய முறை ஒன்பது மணிக்கு. அந்த நேரம் பார்த்து அவருடைய அம்மா போன் போட்டு, ராகுகாலம் முடிகிறவரை துப்பாக்கியைத் தொடாதே என்று சொல்லிவிட்டார்கள். சரி, பத்தரைக்கு மேல் சுடட்டும் என்று எல்லோரும் இட்லி சாப்பிட்டோம். ராகுகாலம் போயிற்று, காற்று வந்தது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். களிமண் தட்டு எம்மாத்திரம்? சுடுகிறவரின் முதுகுக்குப் பின்னாலிருந்து குன்றுகளின் இடுக்கில் புகுந்து வந்த காற்று தட்டை மண்டையில் தட்டித் தட்டித் தரைக்கு இறக்கியது. முதல் ஐந்தில் ஒன்றுதான் உடைந்தது.

பிரேம்குமார் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, "மாமா, கார்த்தால அவருக்குப் போன தட்டு இது இல்ல. கம்பாண்ட பாருங்க, துணிக்குக் கீழ போய்க்கினு இருக்குது" என்றார். பார்த்தேன், உண்மைதான். வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அசோக்குமார், "நான் சுட்ட செட்டிங்குல அவரும் சுடணும் மாமா. திருகைத் தொட்டீங்கன்னா அது வேற போட்டி" என்றார். அதுவும் உண்மைதான். நீங்களே சொல்லுங்கள், எது நியாயம்? திருகு ஒன்றாக இருந்தால் தட்டு வேறாகப் போகிறது. தட்டு ஒன்றாகப் போக வேண்டுமென்றால் திருகை மாற்ற வேண்டும். எடைமேடையில் முள் விலகினால் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்துவிட்டு அடுத்த வண்டியை ஏற்றுவேன். காற்றுக்கு ஏது பூஜ்ஜியம்? ஜெரால்டைப் பார்த்தேன். "உங்க வூட்டு விஷயம் சார்" என்று அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

கடைசியில் மனசாட்சிக்குப் பயந்து திருகை இரண்டு சுற்று ஏற்றினேன். ஏற்றிக் கையை எடுத்தேன், காற்று நின்றுவிட்டது. தட்டு மலைக்கோயிலுக்கு நேர்ந்துகொண்டது போல மேலே மேலே போயிற்று, இளையவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். இறக்கினேன், காற்று திரும்பி வந்தது. அதுவும் எதிர்ப்பக்கமிருந்து! எதிர்க்காற்றில் தட்டு பட்டம் மாதிரி எழும்பி அப்படியே நிற்கிறது பாவா. நான் மறுபடி எந்திரத்தை நோக்கி ஓடினேன். பிரேம்குமார், "வுட்டுருங்க மாமா, போதும்" என்றார். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் எல்லாம் கெட்டது. வெற்றிக் கோப்பை மூத்தவர் கைக்குப் போயிற்று.

வீட்டில் இலை போட்டு வடை பாயசத்தோடு என் வீட்டுக்காரி ஜெயம்மாள் காத்திருந்தாள். இளையவர் கை நனைக்காமல், ஷாலினியை அழைத்துக்கொண்டு அரக்கோணத்துக்கு ரயிலேறப் போய்விட்டார். போட்டி நியாயமில்லை என்று கிளப்பில் எல்லோர் முன்னாலும் நான் சொன்னால்தான் இனி இந்த வாசற்படி மிதிப்பாராம். அப்படிச் சொன்னால் என் கோப்பை பிச்சைக் கோப்பை ஆகிவிடும், நானும் தேவயானியும் வரமாட்டோம் என்று மூத்தவரும் கிளம்பிவிட்டார். "எல்லாருக்கும் மரியாத பாத்தீங்க, ராகுகாலம் பாத்தீங்க. காத்த மட்டும் யாரும் பாக்கல" என்று சொல்லிவிட்டு ஜெயம்மாள் பாயசத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

ஆவணியில் ஷாலினிக்கு வளைகாப்பு என்பது உங்களுக்குத் தெரியும். ராத்திரி அவள் போன் செய்தாள். "நைனா, அக்கா கையால எனக்கு வளையல் போடணும். அதுக்கு நீ இன்னா பேசணுமோ பேசு" என்றாள். எதைப் பேசினாலும் ஒரு மகள் வரமாட்டாள் என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்? ஊரே நியாயஸ்தன் என்று சொன்னவன், சொந்த வீட்டில் வாயைத் திறக்கப் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசிவைக்க வேண்டும். உங்கள் வார்த்தையை இருவரும் தட்டமாட்டார்கள். உங்களை விட்டால் எனக்கு வேறு நாதியில்லை.

அக்காவின் முழங்காலுக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டில் பாலும் நெல்லும் குறையாமல், காற்றும் மழையும் அளவோடு வர தணிகைமலையான் அருள் புரியட்டும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட
தணிகாசலம்

பின்குறிப்பு: பேசிவைக்க வரவேண்டாம். உறையை ஒட்டும்போதே மூத்தவர் போன் செய்தார், இளையவரும் அதே அழைப்பில் இருந்தார். இருவரும் ராசியாகிவிட்டார்கள். தப்பு காற்றின்மேல் இல்லை, முழுக்க மாமாவின்மேல்தான் என்று பேசி முடித்துக்கொண்டார்களாம். வளைகாப்புக்கு எல்லோரும் வருகிறார்கள். ஷாலினி சந்தோஷத்தில் அழுகிறாள். வளைகாப்புக்கு மறுநாள் காலை திரும்பவும் போட்டி. நான் எந்திரத்தின் பக்கமே வரக்கூடாதாம், நடுநிலையான பெரியவர் ஒருவர்தான் தட்டு வைக்க வேண்டுமாம். உங்கள் பேரைச் சொன்னேன். இருவரும் உடனே சரி என்றார்கள். ஆகவே இரண்டு நாள் தங்குகிற மாதிரி வாருங்கள். காற்று வந்தால் திருகைத் தொடுவதா வேண்டாமா என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள் பாவா, எனக்கு இரண்டு மாப்பிள்ளைகளும் வேண்டும்.