பாகம் பிரித்த பெட்டி

மூன்றாவது முறையாகவும் நஞ்சப்பனின் பில் வெங்கடாசலத்தின் பிரிண்டரில் போய் விழுந்தது.

சுவர் நடுவிலிருந்த மாடத்தின் வழியாக ஒரு கை நீண்டது. வெங்கடாசலத்தின் கணக்குப்பிள்ளை மலர்விழியின் கை. செத்த பல்லியைத் தூக்குவதுபோல பில்லின் ஓரத்தை மட்டும் பிடித்திருந்தாள்.

“சார், இது உங்க பக்கத்துது.”

அவளுக்குப் பின்னாலிருந்து வெங்கடாசலத்தின் குரல் வந்தது. “அவங்க ரேட்டு நமக்கு எதுக்கு? தக்காளி கிரேட்டு நானூறுன்னு போட்டிருந்தா போட்டுட்டுப் போறாங்க. நான் அதைப் படிக்கவே இல்ல.”

இந்தப் பக்கம் நஞ்சப்பன் பில்லை வாங்கி நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு, கம்ப்யூட்டர் வேலைக்கு வந்திருந்த கதிரவனைப் பார்த்தார். அவர் திட்டியிருந்தால் கதிரவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மாரண்டஹள்ளியில் அண்ணன் நஞ்சப்பனும் தம்பி வெங்கடாசலமும் சேர்ந்து நடத்திய தக்காளி மண்டி அது. போன மாதம் பாகம் பிரித்தார்கள். நடுக்கூடத்தில் ஹாலோபிளாக் சுவர் எழும்பியது. கிரேட்டுகள், மின்விசிறிகள், சாமி படங்கள் எல்லாம் பிரிந்தன. பிரிக்க முடியாமல் போனவை இரண்டே. ஒன்று வாசலிலிருந்த எடைமேடை. இன்னொன்று, இரண்டு பக்கமும் கூட்டித் தேநீர் கொடுக்கும் செல்லம்மாள்.

கம்ப்யூட்டர்களைப் பிரிக்கத்தான் நெட்வொர்க் ஸ்விட்ச் என்ற பெட்டியை வாங்கினார்கள். இருபத்து நான்கு ஒயர் செருகலாம். ஆனால் அது யார் பக்கம் இருப்பது என்பதில் ஒரு வாரம் தகராறு. கடைசியில் சுவரிலேயே ஓட்டை போட்டு மாடம் அமைத்து, பாதி இங்கே பாதி அங்கே என்று உட்கார வைத்தார்கள்.

அதற்கு அறிவு புகட்ட தருமபுரியிலிருந்து வந்தவன்தான் கதிரவன். வேலையில் சேர்ந்து ஐந்து மாதம். ஏற்கெனவே இரண்டு இடத்திலிருந்து புகார். காலையில் முதலாளி வீரமணி தெளிவாகச் சொல்லி அனுப்பியிருந்தார்: “ரெண்டு பேரும் எனக்குப் போன் பண்ணி வேலை முடிஞ்சதுன்னு சொல்லணும். ஒருத்தர் சொல்லலைன்னாலும் நீ நேரா இண்டூருக்கே போயிடு. ஆபீஸ் பக்கம் வராத.” இண்டூர் கதிரவனின் ஊர்.

வேலை ஒன்றும் பெரிதில்லை. ஒரே பெட்டிக்குள் மூன்று தனி நெட்வொர்க். அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று, எடைமேடைக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஓர் இன்டர்ஃபேஸ், அதற்கொரு ஐபி முகவரி. அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டர்கள் வெளியே போக அதுதான் வாசல். இருவரும் அவரவர் வாசல் வழியாக எடைமேடைக்குப் போகலாம். ஒருவர் பக்கம் இன்னொருவர் எட்டிப் பார்க்கக் கூடாது. யாரை எங்கே விடுவது என்பதை ஸ்விட்சே பார்த்துக்கொள்ளும். காலை பத்து மணிக்கெல்லாம் இதை முடித்துவிட்டுத்தான் கதிரவன் டீ குடித்தான்.

டீ குடித்து வருவதற்குள் நஞ்சப்பன், “டிவி சரியில்ல” என்றார். மேஜைமேல் கேமரா பார்க்கும் டிவி இருந்தது; காலைவரை அதில் இரண்டு பக்கத்து எட்டுக் கேமராவும் வந்துகொண்டிருந்தன.

“நாலு கேமராவும் வருதுங்களேய்யா.”

“நாலு வருது.”

அவ்வளவுதான். எழுந்து மாடத்தருகே போனார். அதற்குப் பிறகுதான் பில் வழிமாறத் தொடங்கியது.

தம்பி பக்க இன்டர்ஃபேஸில்தான் ஏதோ தப்பு என்று முடிவு செய்தான் கதிரவன். அதை அழித்துவிட்டு வேறு முகவரி கொடுத்தான். பில் எந்தப் பிரிண்டரிலும் வரவில்லை. எடைமேடையும் நின்றது.

வாசலில் தக்காளி லாரி ஒன்று மேடைமேல் ஏறி நின்றிருந்தது. டிரைவர் தலையை நீட்டினார்.

“என்னாங்க, எடை வருமா வராதா? ஓசூர் போவணும். மேல இருக்கறது தக்காளி, கருங்கல்லு இல்ல.”

“ரெண்டு நிமிஷம்ணே.”

“இதையேதான் அப்பவும் சொன்ன.”

மாடத்தின் அந்தப் பக்கமிருந்து வெங்கடாசலம் எட்டிப் பார்த்தார். “தம்பி, டிவி சரியில்ல.”

“உங்களுக்கும் நாலு கேமரா வருதுங்களா?”

“நாலு வருது.” அவரும் நிறுத்திக்கொண்டார்.

இரண்டு பேரும் ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்கள்தான் என்பதில் கதிரவனுக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

பழைய முகவரியையே திரும்பக் கொடுக்கலாம் என்று நினைத்தான். டிரைவர் ஹாரன் அடித்தார். அவசரத்தில், தன் லேப்டாப் எந்த இன்டர்ஃபேஸ் வழியாக உள்ளே போயிருந்ததோ அதையே அழித்துவிட்டான். திரை அப்படியே நின்றது. வீட்டுக்குள் இருந்தபடி கதவைப் பெயர்த்தெடுத்து அந்த இடத்தில் சுவர் வைத்தவனின் நிலைமை.

இந்த உலகத்தில் பசுமாடு மேய்க்கிறவர்களும் இருக்கிறார்கள் என்று அவனுக்குத் தோன்றியது.

ஸ்விட்சில் நேரடியாகச் செருகும் கன்சோல் கேபிள் பைக்கில் இருந்தது; அதை எடுக்க வெளியே போனான். திரும்பி வந்து, எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து எழுதினான். மூன்று இன்டர்ஃபேஸ், மூன்று முகவரி, அவற்றுக்கிடையே வழிகாட்டும் ரூட்டிங். ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு முறை சரிபார்த்தான். ஸ்விட்சை எழுப்பினான்.

இருபத்து நான்கு விளக்குகளும் ஒன்றாகக் கண்சிமிட்டின. நிற்காமல், வெறி பிடித்ததுபோல. இரண்டு கடையிலும் இருந்த அத்தனையும் உறைந்து போயின.

போன் அடித்தது. வீரமணி.

“முடிஞ்சுதா?”

“முடியுற மாதிரி இருக்கு சார்.”

“ரெண்டு பேருல யாரு மொதல்ல போன் பண்ணுவாங்க?”

“ரெண்டு பேரும் பேசற மாதிரி இல்ல சார்.”

“அது ஊருக்கே தெரியும். எனக்குப் பண்ணுவாங்களான்னு கேட்டேன்.”

போனை வைத்தபோது மணி இரண்டாகியிருந்தது. நஞ்சப்பனின் டிபன் கேரியர் திறக்கப்படாமல் மேஜையில் இருந்தது. மாடம் வழியே பார்த்தால் அந்தப் பக்கமும் ஒரு கேரியர், அதுவும் திறக்காமல். வேலை முடியாத கோபத்தில் சோற்றைக்கூட ஒதுக்கிவிட்டார்கள். கதிரவனுக்குக் குற்ற உணர்ச்சியாகவும் இருந்தது, பசியாகவும் இருந்தது.

இனி செய்வதற்கு ஒன்றுமில்லாததால்தான் அவன் மாடத்துக்குள் தலையை விட்டான். ஒயர்க் குவியலை ஒவ்வொன்றாக விலக்கினான். ஒரு நீல ஒயர். அதன் ஒரு நுனி அண்ணன் பக்கத்துத் துளையில் இருந்தது. பிடித்துக்கொண்டே போனான். மறுநுனி தம்பி பக்கத்துத் துளையில் இருந்தது.

இரண்டு நெட்வொர்க்கையும் யாரோ ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். அவன் வாசல் வாசலாகக் கட்டியது அத்தனையும் வீண்.

பிடுங்கினான். விளக்குகள் அடங்கின. பிரிண்டர் முனகியது. நஞ்சப்பனின் பில் நஞ்சப்பனின் பிரிண்டரிலேயே வந்தது. வாசலில் எடைச் சீட்டு கிழிபடும் சத்தம் கேட்டது. லாரி உறுமிக் கிளம்பியது.

கதிரவன் ஒயரைத் தூக்கிப் பிடித்தான். “இதை யாருங்க போட்டது?”

நஞ்சப்பன் ஒயரைப் பார்த்தார். “எலி இழுத்துட்டு வந்திருக்கும்.”

“ரெண்டு நுனியையும் செருகியிருக்குங்கய்யா.”

“இங்கத்து எலி.”

மாடத்தின் அந்தப் பக்கம் காட்டினான். வெங்கடாசலமும் பார்த்தார். “எலியாத்தான் இருக்கும்” என்றார். ஒரு மாதத்தில் அண்ணன் சொன்ன ஒன்றை அவர் ஒத்துக்கொண்டது அதுதான் முதல் முறை.

நஞ்சப்பன் டிவியை ஒரு முறை பார்த்தார். முகம் தளர்ந்தது. கேரியரைத் திறந்தார். சுவருக்கு அந்தப் பக்கமும் கேரியர் திறக்கும் சத்தம். தன் வேலை இரண்டு பேருக்கும் சோறு இறக்கியதில் கதிரவனுக்குக் கண் கலங்கியது. இருவரும் சாப்பிட்டு முடித்து, வீரமணிக்குத் தனித்தனியே போன் செய்து, வேலை சுத்தம் என்றார்கள்.

உடனே வீரமணி அவனை அழைத்தார். “ரெண்டு பக்கமும் ஒட்டு உறவே இல்லாம பிரிச்சிட்டியா?”

“அடியோட பிரிச்சிட்டேன் சார்.”

“பொழச்ச. ஆபீஸுக்கு வா.”

நீல ஒயரைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு பைக்கை எடுக்கும்போது, செல்லம்மாள் டீ கிளாஸைக் கழுவியபடி சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தாள்.

“அது பெரியவரு, தம்பி நேரத்துக்குச் சோறு தின்னுறாரான்னு டிவில பாக்கப் போட்ட ஒயரு சாரு, போனாப் போவுது, அண்ணன் தின்னுறாரான்னு பாக்க, நீங்க வண்டிகிட்டப் போனப்ப சின்னவரு போட்ட மஞ்ச ஒயரு உள்ளாறதான் இருக்கு, அதுலயே ரெண்டு பேரும் பாத்துக்குவாங்க.”