இறுக்கியாரின் ஓடாத சைக்கிள்

வாழைச்சேனையிலிருந்து கிரான் வரைக்கும் எங்கேயாவது ஒரு நட்டு தளர்ந்திருந்தால், இறுக்கியார் வருகிறார் என்று கேள்விப்பட்டதுமே அது தானாக இறுகிக்கொள்ளும். கோயில் வாசலில் சைக்கிளை விட்டுவிட்டுச் சாமி கும்பிடப் போனவர்கள் திரும்பி வருவதற்குள், இடுப்பில் செருகிய ஸ்பனரை எடுத்து எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுவார். தபால்காரரின் பிரேக்கை அவர் இறுக்கிய இறுக்கில், அந்த மனிதர் இரண்டு நாள் சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு கடிதம் கொடுத்தார்.

கடதாசி ஆலையில் இயந்திரம் பூட்டும் பிற்றராக இருந்தவர். சுனாமியில் கடல் வந்த பிறகு எங்களுக்குக் கிடைத்த தகரக் கொட்டில் வரிசையில் அவர் பக்கத்துக் கொட்டில். அவருடைய சொந்தப் பெயர் நிவாரண அட்டைக்கு மட்டுமே தெரியும்.

என் அம்மா மீன் விற்பவர். அப்பா இல்லாத வீடு. விடிய முன்னம் துறைமுகத்தில் மீன் எடுத்து, சைக்கிள் கரியரில் பெட்டியைக் கட்டி, கிரான் வரைக்கும் மிதிப்பார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். என்னை உயர்தர வகுப்பு வரை கொண்டுவந்தது அந்தச் சைக்கிள்தான். கடல் வந்த அன்று அலை அம்மாவைத் தூக்கி ஒரு வள்ளத்தின் விளிம்பில் அடித்தது. உயிர் தப்பியது. எலும்பும் பொருந்தியது. வலது முழங்கால் மட்டும் மடங்க மறுத்தது.

"புள்ளய வெளிநாட்டுக்கு வேலைக்கு அனுப்பு கா. ஏஜென்சிக்காரன் சித்திரை வருஷப் பிறப்பு முடிய வாறானாம்" என்றார் மறுபக்கத்துக் கொட்டில் பெரியம்மா.

"என்ட கால் மடங்கினா அவள் படிப்பாள்" என்றார் அம்மா.

"மடங்காட்டி?"

"மடக்குவன்."

நகரத்து ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சிச் சைக்கிள் ஒன்று இருந்தது. அம்மா அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம், "இதில ஏறுறதுக்கே எனக்கு ரெண்டு நல்ல கால் வேணுமே, மிஸ்" என்றார். ஏற்றி வைத்தார்கள். பெடல் பாதி தூரம் வந்து, மேலே ஏறாமல் நின்றது.

கதையைக் கேட்ட இறுக்கியார் கொதித்தார். "முதுகுக்கு முட்டு இல்லாம மிதிக்கச் சொன்னா பெலம் எங்க இருந்து வரும்? தோணி மணலில இறுகினா என்ன செய்யிற? முதுகச் சாத்தி, காலால தள்ளுறம். சாய்ஞ்சிருந்து மிதிக்கிற சைக்கிள் ஒண்டு செய்வம், தங்கச்சி."

அடுத்த நாள் ஒரு சாய்மனைக் கதிரை வந்தது. அலையில் வளைந்த சைக்கிள் ஒன்றின் மிதிக்கிற பாகத்தை அதற்கு முன்னால் நட்டார். அம்மா சாய்ந்து அமர்ந்து நல்ல காலால் ஒரு மிதி மிதித்தார். பெடல் அசையவில்லை. கதிரைதான் அம்மாவையும் கொண்டு பின்னால் பறந்து, பெரியம்மாவின் தகரத்தில் மோதி, அடுப்பிலிருந்த சொதியைக் கவிழ்த்தது.

"பாத்தியா பெலத்த!" என்று கைதட்டினார் இறுக்கியார்.

"என்ட சொதியப் பாத்தியா?" என்றார் பெரியம்மா.

கதிரையையும் பெடலையும் ஒரே இரும்பில் ஒட்டுவதற்கு ஓட்டமாவடிக்குக் கொண்டுபோனோம். சுற்று நின்றுவிடாமல் இழுத்துச் செல்ல, டயருக்குப் பதிலாகச் சீமெந்து பூசிய ஒற்றைச் சில்லும் அதில் ஏறியது. லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் திரும்பி வரும்போது, சென்றி என்கிற ஆமிக் காவலரணில் மறித்தார்கள்.

"இது என்ன?" என்றான் ஆமிக்காரப் பையன்.

"சைக்கிள், சேர்."

"மத்த சில்லு எங்க?"

"ஒண்டு போதும். இது எங்கயும் போகாது."

"போகாத சைக்கிள் ஏன் கொண்டு போறது?"

இறுக்கியார், "ஏறிப் பாருங்க சேர்" என்றார். அவன் துவக்கை மற்றவனிடம் கொடுத்துவிட்டு ஏறியே விட்டான். மிதித்தான். "நிப்பாட்டுங்க! சீற் கிட்டக் கிடக்கு, முழங்கால் நெஞ்சில இடிக்குது" என்று இறுக்கியார் நட்டைக் கழற்றி, சீற்றைப் பின்தள்ளிப் பூட்டினார். பின்னால் இரண்டு பஸ்கள் நின்றன. பையன் கண்ணை மூடிக்கொண்டு மிதித்தான். சென்றியின் உள்ளிருந்து யாரோ அதட்டிய பிறகுதான் இறங்கினான். "ஹரி, சரி, போங்க. நல்ல சைக்கிள்" என்றான் சிங்களமும் தமிழும் கலந்து.

சீற் சரியா என்று அறிய இறுக்கியாரிடம் ஒரு முறை இருந்தது. மிதித்தபடியே பேச வேண்டும்; மூச்சு முட்டினால் சீற் பிழை. வந்தவர் போனவர் எல்லாரையும் ஏற்றிப் பார்த்தார். காத்தான்குடியிலிருந்து லுங்கிச் சாரன் விற்க வந்த முஸ்லிம் வியாபாரி நானா, மிதித்தபடியே சாரனின் அருமை பெருமைகளைச் சொல்லி, இறங்குவதற்குள் மூன்று சாரன் விற்றார்.

அம்மாவுக்கு எந்தச் சீற்றும் சரிவரவில்லை. எங்கே வைத்தாலும் பெடல் மேலே வரும் இடத்தில் முழங்கால் நின்றது. இறுக்கியார் என் கணிதப் பெட்டியிலிருந்த பாகைமானியை வாங்கி முழங்காலில் வைத்து அளந்தார். பிறகு பெடலைப் பிடித்திருக்கும் கிறாங் என்ற இரும்புக் கையை அளந்தார்.

"புள்ள, கொம்மாட கால் எழுபது பாகைதான் மடங்குது. இந்தக் கிறாங் நூறு கேக்குது. கால வெட்ட ஏலாது. கிறாங்க வெட்டுவம்."

வெட்டவில்லை, அதே நீளத்துக்கு ஒரு தட்டையான இரும்பைப் போட்டு, நான்கு துளை துளைத்தார். நடுவுக்கு மிகக் கிட்டிய துளையில் பெடலைப் பூட்டினார். அம்மாவின் கால், தேத்தண்ணிக்குச் சீனி கலக்குகிற மாதிரி ஒரு சின்ன வட்டம் போட்டது. ஆனால் முழு வட்டம். அம்மா மிதித்தபடி தன் தெருக் குரலை எடுத்தார்: "சூடை, கீரி, பாரை, மணலை..." மூச்சு அறவில்லை.

"கிறுகுது!" என்று இறுக்கியார் போட்ட சத்தத்தில் வரிசையே கூடிவிட்டது. சுற்றுவதை நாங்கள் கிறுகுவது என்போம்.

"சத்தம் போடாதீங்க அண்ணன். மறுகா ஒருக்காப் பாப்பம்" என்றார் அம்மா.

இரண்டாவது துளைக்கு இரண்டு கிழமை. மூன்றாவது துளையில் ஒரு மாதம் நின்றது. அம்மா சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு மிதித்தார். "விடு கா, பாவம்" என்றார் பெரியம்மா. அம்மா விடவில்லை. இறுக்கியார் சீற்றை ஒரு விரல் முன்னுக்கு, அரை விரல் பின்னுக்கு என்று நகர்த்திக்கொண்டே இருந்தார். நான் பக்கத்தில் இருந்து படித்தேன். அந்த வீட்டில் சும்மா இருக்க எவருக்கும் அனுமதி இல்லை.

வருஷப் பிறப்பு முடிந்து ஏஜென்சிக்காரர் வந்தார்.

"அம்மா எங்க?"

"அவ மீன் விக்கப் போயிற்றா" என்றேன். வாழ்க்கையில் நான் இவ்வளவு பெருமையாகச் சொன்ன வாக்கியம் வேறு இல்லை.

அன்று காலை, நாலாவது துளையையும் எட்டிவிட்ட அம்மாவின் கால், உண்மையான சைக்கிளை மிதித்துக் கிரான் வீதியில் மறைந்தது. இறுக்கியார் வெயிலில் வீதி ஓரம் குந்தியிருந்தார். மத்தியானம் அம்மா திரும்பி வந்ததும், கால் எப்படி என்று கேட்கவில்லை.

"மீன் மிச்சமோ?"

"ஒரு பாரை மிச்சம், அண்ணன்."

"பழுதாப் போயிரும். தா."

நாட்டில் நடந்த சண்டை முடிந்த பிறகு, காலில் காயத்தோடு வந்தவர்களுக்கு அவர் இன்னும் பல ஓடாத சைக்கிள்கள் செய்தார். ஒவ்வொரு காலுக்கும் வேறு வேறு துளை. நான் பல்கலைக்கழகம் போய், இப்போது கணிதம் படிப்பிக்கிறேன். அம்மா இன்றைக்கும் கிரானுக்குத்தான் மிதிக்கிறார். கிரான் சனங்கள் அம்மாவின் பெட்டியில் செதிலைக்கூட மிச்சம் விடமாட்டார்கள். ஆனாலும் தினமும் இறுக்கியாருக்கு ஒரு மீன் மிஞ்சி வருகிறது. விடியப் பெட்டி கட்டும்போது, இருப்பதில் நல்லதாகப் பார்த்து அதை ஒதுக்கி வைப்பது நான்தான்.