அவையில் தொங்கும் ஓடத்துறை மணி

நலங்காட்டு நாட்டில் ஓர் ஆறு ஓடியது. இக்கரையில் வைத்தியசாலை, அக்கரையில் நோயாளிகள். இப்படித் திட்டமிட்ட புண்ணியவான் யாரென்று கேட்கக் கூடாது. அவருக்குச் சிலை வைத்தாகிவிட்டது.

அக்கரை வேலாத்தாள் ஒரு வழி கண்டாள். இக்கரையில் இருந்த ஓடக்காரர் நாச்சிமுத்துவின் குடிசையில் மணி கட்டி, அதன் கயிற்றை ஆற்றுக்கு மேலாகத் தன் ஊர்வரை கொண்டுபோனாள். யாருக்காவது முடியவில்லையென்றால் கயிற்றை இழுப்பார்கள். மணி அடிக்கும், ஓடம் வரும். பல உயிர்கள் பிழைத்தன.

செய்தி அரண்மனைக்கு எட்டியது. அரசர் நல்லவர், தொல்லையே அதுதான். நலவாழ்வுப் பணியில் குடிமக்களும் பங்கேற்க வேண்டுமென்று முரசறைவித்து, அந்த மணியைக் கழற்றிப் பட்டு சுற்றி அவையில் தொங்கவிட்டார். குடிமக்களின் யோசனை எதையாவது அவை பாராட்டினால் அந்த மணியை அடிப்பார்கள். கயிறு அழுக்காக இருந்ததால் ஆற்றிலேயே விட்டுவிட்டார்கள். வேறு மணி கட்டவும் தடை வந்தது, மூலமணியின் பெருமை குறைந்துவிடுமாம்.

வேலாத்தாளின் மகள் பூவாத்தாள் அப்போது நிறைமாதம். தாய் தலைநகருக்கு ஓடினாள்.

"மணியத் திருப்பிக் குடுத்துருங்க ராசா. எம்புள்ளைக்கு இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்குதுங்க. வலி எடுத்தா ஓடத்த எப்படிங்க கூப்புடறது?"

அரசர் கண் கலங்கினார். அமைச்சர் எழுந்தார்.

"மாமன்னா, மணியையும் ஓடத்தையும் பிரிக்கலாகாது என்கிறார் அம்மையார். அரிய யோசனை! ஓடத்தையும் இங்கேயே வரவழைத்துவிடுவோம்."

"ஐயோ சாமி, நான் அப்படிச் சொல்லவே இல்லீங்க!"

"என்ன அடக்கம்!" என்றார் அமைச்சர்.

ஓடம் மாலையோடு அவை நடுவே வந்து அமர்ந்தது. நாச்சிமுத்துவுக்குச் சால்வை போர்த்தி, வேலாத்தாளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். விழா முடியும்வரை இவர்களைப் போன்ற மக்கள் பிரதிநிதிகள் அவையை விட்டுப் போகக் கூடாது என்பது மரபு. அந்த மரபு அன்று காலையில்தான் பிறந்தது. வேலாத்தாளுக்குப் பட்டும் வேண்டாம், பாராட்டும் வேண்டாம். மகள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தால் போதும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

ஓடத்தை வரவழைத்த யோசனையைப் பாராட்டி மணி அடித்தது. நாச்சிமுத்து துள்ளி எழுந்து துடுப்பைத் தேடினார். மணிக்கு மரியாதை செய்கிறார் என்றெண்ணி அவையே எழுந்து நின்று கைதட்டியது.

வேலாத்தாள் மட்டும் எழவில்லை. "எம்புள்ள கூப்புடறாப்லயே கேக்குதுங்கண்ணா" என்று அழுதாள்.

அக்கரையில் பூவாத்தாள், மணி இல்லையென்று தெரிந்தும், கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தாள்.