தண்ணீர் குடித்த தவளை

தோலைப் பற்றி எனக்குத் தெரியாதது உலகத்தில் இல்லை என்று நாற்பது வருடமாகச் சொல்லி வருகிறேன். ஒரே ஒரு தவளை என்னைப் பொய்யனாக்கிவிட்டது. அதுவும் நானே செய்த தவளை.

அஞ்சாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தோல் ஷெட்டில் நுழைந்தவன் நான். இன்று ஆம்பூரில் சொந்தமாக ஷூ கம்பெனி. (சின்னதுதான். ஆனால் என் போர்டு பெரியது.) மழைக்கு நனையாத பூட்ஸ் வேண்டுமென்று மார்த்தா என்ற ஜெர்மன்காரம்மா வந்திருந்தார். அந்த ஆர்டர் கிடைத்தால்தான் தைக்கிற பெண்களுக்கு அடுத்த ஆறு மாதம் வேலை.

அவருக்கு மீன் பிடிப்பதில் பைத்தியம். நானும் சும்மா இராமல், "பாலாத்துல தண்ணி ஓடின காலத்துல நான் பிடிக்காத மீனே இல்ல" என்று அளந்தேன். என் மருமகள் ரேவதி அதை அப்படியே இங்கிலீஷில் சொல்லித் தொலைத்தாள். அந்தம்மா ஊருக்குப் போய் எனக்கு ஒரு தூண்டில் அனுப்பிவிட்டார். அடுத்த தடவை ஏரியில் சேர்ந்து மீன் பிடிக்கலாமாம்.

நம் ஊர்த் தூண்டிலில் ஈயக்குண்டு நூலை இழுத்துக்கொண்டு போகும். இதில் தடித்த நூல்தான் முள்ளை இழுத்துக்கொண்டு போக வேண்டும். முள்ளில் இறகு, முடி கட்டியிருக்கும். அதற்குப் பெயர் ஈ. நான் விட்டேனா? விரால் தவளையைத்தானே தின்னும் என்று, சூயிட் தோலின் வெட்டுத் துண்டில் ஒரு தவளை தைத்தேன். கண்ணுக்கு இரண்டு ரிவெட். (தவளையாக இருந்தாலும் அதுவும் ஈதானாம்.)

ஒரு மாதம் கம்பெனி மாடியில் வீசிப் பழகினேன். தவளை தண்ணீர்த் தொட்டியையும் தாண்டிப் போய் விழுந்தது. வேலைக்காரர்கள் எல்லோரும் கை தட்டினார்கள். (முதலாளி வீசினால் தட்டாமல் என்ன செய்வார்கள்?) ரேவதி மட்டும் தட்டவில்லை.

"தண்ணில போட்டுப் பாத்தீங்களா மாமா?"

"தோலப் பத்தி எனக்கே சொல்றியாம்மா?"

மார்த்தா வந்தார். ரேவதியையும் கூட்டிக்கொண்டு ஏரிக்குப் போனோம். ஏரிக்கரையில் நின்று முதல் வீச்சு வீசினேன். நாற்பதடி தூரத்தில் தவளை போய் உட்கார்ந்தது. அந்தம்மா, "சூப்பர்!" என்று கத்தினார். நான் ஏரிக்கே ஒரு கும்பிடு போட்டேன்.

கும்பிட்ட நேரத்தில் தவளை வயிறு முட்டக் குடித்துவிட்டது. சூயிட் தண்ணீர் குடிக்கும் என்பது எங்கள் ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும், நினைவில் இல்லை.

இரண்டாவது வீச்சில் கோலைப் பின்னால் இழுத்து, மாடியில் பழகிய அதே வேகத்தில் முன்னால் அடித்தேன். நூல் வந்தது. தவளை அதன் பின்னால் நிதானமாகக் கிளம்பி, வழியில் என் பிடரியைப் பார்த்துவிட்டது. மடேர்! என் மூக்குக் கண்ணாடி ஏரியில் போய் விழுந்தது. வெள்ளைச் சட்டையோடு நான் சேற்றில் உட்கார்ந்தேன். முள் காலரில் மாட்டித் தவளை என் முதுகில் தொங்கியது.

மார்த்தா ஓடிவந்து அதைக் கழற்றிக் கையில் பிழிந்தார். அரை டம்ளர் தண்ணீர் கொட்டியது. அவர் முகம் மாறிவிட்டது. ஏதோ கேட்டார்.

"இன்னாம்மா கேக்கறாங்க?"

"அவங்க பூட்ஸும் இந்தத் தோல்தானான்னு கேக்கறாங்க மாமா."

"அது வேற தோலு, இது வேற தோலுன்னு சொல்லும்மா..."

"நீங்க கொஞ்ச நேரம் பேசாம இருங்க."

ரேவதி காரிலிருந்து சாம்பிள் பூட்ஸை எடுத்து மாட்டிக்கொண்டு, கணுக்கால் தண்ணீரில் இறங்கி நின்றாள். அரை மணி நேரம் அங்கேயே நின்றாள்.

அந்த அரை மணி நேரமும் மார்த்தா என்னைச் சும்மா விடவில்லை. கனமான ஈயை அவசரப்பட்டு அடிக்கக் கூடாதாம். அகலமாக, மெதுவாக இழுத்து, அது பின்னால் முழுக்கப் போய் நூலைப் பிடித்து இழுப்பது கைக்குத் தெரிகிற வரை பொறுக்க வேண்டுமாம். தண்ணீரில் நின்றபடியே ரேவதி எண்ணினாள்: "ஒண்ணு... இருங்க மாமா... ரெண்டு... இப்ப!" பத்தாவது தடவை, நனைந்த தவளை என் தலைக்கு மேலே மரியாதையாகக் கடந்து போனது.

ரேவதி கரையேறி பூட்ஸைக் கழற்றினாள். மார்த்தா அவள் சாக்ஸைத் தடவிப் பார்த்தார், உள்ளே விரலை விட்டும் பார்த்தார். பொட்டு ஈரம் இல்லை. அங்கேயே ரேவதியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் கை சேறாக இருந்தது.

விரால் ஒன்றும் மாட்டவில்லை. ஆர்டர் மாட்டியது. தவளையை ரேவதி ஆபீஸ் சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்டிருக்கிறாள்.

அன்றிலிருந்து நான் எதைப் பெருமையாகச் சொன்னாலும் வீட்டில் ஒரே கேள்விதான். நேற்று இந்தக் கட்டுரையை எல்லோரையும் உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். "அஞ்சாம் கிளாஸ் படிச்சவன் எழுதினதுன்னு யாராவது சொல்வாங்களா?" என்று மீசையைத் தடவினேன்.

ரேவதி வாயைத் திறப்பதற்குள் என் சம்சாரம் முந்திக்கொண்டாள்:

"தண்ணில போட்டுப் பாத்தியாய்யா?"