குயில்மட்டத்தில் சர்வதேச ஒத்துழைப்பு

ஒரு நாட்டின் அலுவலகத்தை இன்னொரு நாடு பார்வையிட்டு, குறைகளைக் களைந்து, நல்லாட்சியை மேம்படுத்த வேண்டும் என்று எங்கோ ஒரு மாநாட்டில் முடிவாயிற்று. அந்த முடிவு கடல் தாண்டி, மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் இரண்டு தரம் வாந்தி எடுத்து, ஒருவழியாகப் பந்தலூர் பக்கம் இருக்கிற குயில்மட்டம் நகராட்சிக்கு வந்து சேர்ந்தது. பார்வையிட வந்த வெளிநாட்டுக் குழுவின் தலைவி ஹெல்கா அம்மையார். எந்த நாடு என்று கேட்க வேண்டாம். நாளைக்கு நமக்கே விசா தேவைப்படலாம்.

தபித்தாளுக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது. எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள். அன்றைக்கும் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வழக்கம்போல நகராட்சி வரிசையில் வந்து நின்றாள். எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கிற லைன் வீடுகளுக்குத் திரும்புகிற வளைவில் ஒரு தெருவிளக்கு வேண்டும், அவ்வளவுதான். மகள் கெஸியா கூடலூர் ஜவுளிக்கடையில் வேலை முடிந்து கடைசி பஸ்ஸில் வருவாள். அந்த இருட்டில் யானை நிற்பது பக்கத்தில் போனால்தான் தெரியும். வாசலில் மகள் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்ட பிறகுதான் தபித்தாளுக்குப் போன உயிர் திரும்பி வரும்.

அவளைக் கண்டதும் கமிஷனர் சுரேந்திரனுக்கு முகம் மலர்ந்தது. "இந்தம்மாவைக் கேளுங்க மேடம். நம்ம ஆபீஸுக்கு அடிக்கடி வர்றவங்க."

அம்மையார் முறையாகத் தமிழ் படித்தவர். "எவ்வளவு காலமாக வருகிறீர்கள்?"

"போன மழைக்கு வந்தேனுங்க. அதுக்கு முந்தின மழைக்கும் வந்தேனுங்க."

"யாரும் உங்களை வற்புறுத்தவில்லையே?"

"ஆனைதானுங்க வற்புறுத்துது."

அம்மையாருக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்கள் நாட்டில் ஒருவரும் அலுவலகத்துக்கு வருவதில்லை. விளக்கு எரியவில்லை என்றால், அவர்கள் சொல்வதற்கு முன்பே மாற்றிவிடுகிறோம். மக்களுக்கும் அரசுக்கும் பேச்சே அற்றுப்போயிற்று. இங்கோ கைக்குழந்தையும் சாப்பாட்டுத் தூக்குமாகக் குடும்பத்தோடு வருகிறார்கள்!"

சுரேந்திரனுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வெறுங்கையோட அனுப்பினாத்தான் மேடம் மறுபடி வருவாங்க. அதை ஒரு கொள்கையாவே வெச்சிருக்கோம்." அப்படி ஒரு கொள்கை இருப்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

"அப்ப எங்க லைட்டுங்க சார்?" என்றாள் தபித்தாள்.

"போட்டுட்டா நீங்க வருவீங்களாம்மா?"

"அப்புறம் எதுக்குங்க வர்றேன்?"

"பாத்தீங்களா மேடம்! ஒரே ஒரு லைட்டு, ஒரு குடும்பத்தையே அரசாங்கத்துக்கிட்ட இருந்து பிரிச்சிடும்."

தபித்தாளுக்கு எரிச்சல் மூண்டது. "ஆனை மிதிச்சா மட்டும் பிரியாதுங்களா?"

அம்மையார் நியாயஸ்தர். விளக்கும் முக்கியம்தான் என்று ஒப்புக்கொண்டார். ஆக, அவர்களிடம் விளக்கு இருக்கிறது, கூட்டம் இல்லை. நம்மிடம் கூட்டம் இருக்கிறது, விளக்கு இல்லை. அங்கேயே புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மக்களை அலுவலகத்துக்கு வரவழைப்பது எப்படி என்று அவர்கள் இங்கே வந்து பயில்வார்கள். தெருவிளக்கு எரிவது எப்படி என்று நம்மவர்கள் அங்கே போய் ஆராய்வார்கள். சிறந்த குடிமகள் என்று தபித்தாளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். விளக்கைப் பற்றி இன்னொரு தரம் கேட்கத்தான் வாயைத் திறந்தாள். எதிரே கேமரா இருந்ததால் சிரித்துவிட்டாள்.

கமிஷனர் தலைமையில் ஆய்வுக்குழு விமானம் ஏறக் கிளம்பிய அன்று, லைன் சனமே திரண்டு போய் மாலை போட்டு வழியனுப்பியது.

அடுத்த வாரம் தபித்தாள் மகளைக் கூட்டிவர பஸ் நிறுத்தத்துக்குப் போனாள். இருவரும் கெஸியாவின் செல்போன் வெளிச்சத்தில் நடந்தார்கள். பாதி வழியில் போன் சிணுங்கியது. லைன் வாட்ஸப் குரூப்பில் ஒரு படம்: வெளிநாட்டுத் தெருவிளக்கு ஒன்றின் கீழே கோட்டு போட்டு நிற்கிறார் சுரேந்திரன்.

"ஆத்தி, ஊசி விழுந்தாக்கூட எடுத்துக்கலாம் போலிருக்கே!" என்று அசந்துபோனாள் தபித்தாள்.

"லைன்ல எல்லாரும் ஹார்ட்டு போட்டிருக்காங்கம்மா."

"நீயும் ஒண்ணு போடு புள்ள. நம்ம சாராச்சே."

கெஸியா நின்று ஒன்றுக்கு மூன்றாகவே போட்டாள். மூன்றாவதோடு போனில் சார்ஜ் தீர்ந்தது. வளைவு இன்னும் வரவில்லை.